வானம் பொதுவாம், வரிசைதான் வேறயாம்

வானம் எல்லோருக்கும் பொது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பள்ளிக்கூட மேடையில் பேசுகிறார்கள். அறிவியல் முகாமில் பேசுகிறார்கள். கவியரங்கத்தில் நானே பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. அந்த மாதம் முழுக்கப் பத்திரிகையிலும் டி.வி.யிலும் கோள்களின் அணிவகுப்பு என்று ஒரே அமர்க்களம். மேற்கே வெள்ளியும் சனியும், தலைக்கு மேலே வியாழன், கிழக்கே செவ்வாய். அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. நிலா இல்லை, நல்ல இருட்டு. கீழேயிருந்து ஓர் ஆர்வலர் குழு இரண்டு டெலஸ்கோப்புகளைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருந்தது. அன்று மட்டும் இரவு எட்டரை வரை பூங்கா திறந்திருக்கும் என்றார்கள். 'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று வாசலில் தட்டி.

நான் வங்கி எழுத்தன். லைன் வீட்டில் பிறந்தவன். காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்த கையால் என் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அக்கா படிக்கவில்லை. அவள் இன்று அதே ஏற்காட்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அந்தப் பூங்காவைக் கூட்டுகிறவள் அவள்தான். அன்றைக்குக் கூட்டம் வருமென்று சாயங்காலமும் வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா மகளும் பக்கத்து லைன் பிள்ளைகள் இரண்டு பேரும் அவளோடு வந்திருந்தார்கள்.

நான் வரிசையில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், உடம்பு சிலிர்த்துப்போனது. வியாழன் ஒரு சின்னத் தட்டு மாதிரி. அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள், நான்கு நிலாக்கள். 1610இல் கலிலியோ பார்த்த அதே நான்கு. பூமியைச் சுற்றாத சாமான்களும் வானத்தில் இருக்கின்றன என்று அந்த நான்கு புள்ளிகள்தான் காட்டிக்கொடுத்தன. பூமியே நடுநாயகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. "தெரியுதுங்களா சார்?" என்று அந்தக் குழுவின் பெரியவர் மரியாதையாகக் கேட்டார். நல்ல மனிதர். சொந்தக் காசைப் போட்டு டெலஸ்கோப் வாங்கியவர். இதை ஒரு வில்லன் கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. வில்லன் இருந்தால் வேலை சுலபம்.

பிள்ளைகள் மூன்றும் வரிசையில் வந்து நின்றன. காவலாளி வந்தார். "ஏய், கூட்டுற ஆளு புள்ளைங்கல்லாம் அந்தப் பக்கம் போங்க, வந்தவங்க பாக்கட்டும்" என்றார். வந்தவங்க என்றால் யார்? அந்தப் பிள்ளைகள் வராமல் அங்கேயே முளைத்தவையா? குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் சமாதானம் சொன்னார்: "பரவால்லங்க, கடைசில பாக்கட்டும்." பார்த்தீர்களா, கருணை! கூடாது என்று சொல்லவில்லை. கடைசியில் என்றார். நமக்குக் கிடைத்த நீதியெல்லாம் இந்தக் 'கடைசியில்' என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஒன்றரை மணிநேரம் நின்றார்கள். கடைசியில் பார்த்தார்கள். மூன்றாவதாக என் அக்கா மகள். அவள் கண்ணை எடுத்ததும் அந்தப் பெரியவர் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, கண் வைக்கும் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தாமதமாக வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து "வாங்க வாங்க" என்றார்.

நான் அன்று முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன். எண்ணுவது என் தொழில். எனக்குத் தெரிந்து ஐம்பது பேருக்கு மேல் அதில் கண் வைத்தார்கள். அதுவரை அந்தத் துணி பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

பனி படிந்திருக்கும், அதைத் துடைத்திருப்பார் என்பீர்கள். இருக்கலாம். சேர்வராயன் மலையின் ஜனவரிப் பனி எனக்கும் தெரியும். அது பனியாகவே இருக்கட்டும் என்றுதான் நானும் மலைப்பாதை நெடுக எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் அந்தப் பனி ஐம்பது பேருக்கு விழாமல் மூன்று பிள்ளைகளுக்குப் பின்னால் வந்து விழுகிறதே, அது எந்த ஊர்ப் பனி? டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்தவனும் அதற்குச் சாதி என்று பேர் சொல்லவில்லை. சுத்தம் என்றுதான் சொன்னான்.

வீட்டுக்குப் போகும்போது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, என் கண்ணுல ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சா?"

ஒன்பது வயசு. நான் பதில் சொல்லவில்லை. அங்கே பூங்காவிலும் நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் துடைக்கவில்லை, ஏனென்றால் என் சட்டை இஸ்திரி போட்ட சட்டை. வங்கியில் என் கையால் எண்ணிக் கொடுக்கிற நோட்டை எவரும் துடைத்து வாங்குவதில்லை. எச்சில் தொட்டு எண்ணினாலும் வாங்கிக்கொள்வார்கள். காசுக்குத் தீட்டு இல்லை, காசு கொடுக்கிற கைக்கும் தற்காலிகமாகத் தீட்டு இல்லை. அந்தத் தற்காலிக மன்னிப்பை நம்பித்தான் என்னைப் போன்ற படித்த தலித் உத்தியோகஸ்தர்கள் வாயை மூடிக்கொண்டு நடமாடுகிறோம். இந்தக் கட்டுரையின் முதல் குற்றவாளி நான். அதைச் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் வருகிறேன்.

கூட்டம் முடியும்போது அந்தப் பெரியவர் ஒரு சின்ன உரை ஆற்றினார். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் ஏறக்குறைய 600 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து பூமியைப் படம் எடுத்ததாம். அதில் பூமி ஒரு வெளிர் நீலப் புள்ளியாம். கார்ல் சேகன் அதைப் பற்றி எழுதினாராம். "அங்கேயிருந்து பார்த்தா சாதி ஏது, மதம் ஏது?" என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். குடியரசு தினம் வேறு.

எல்லா வானம் பார்க்கும் கூட்டத்திலும் இந்தப் பேச்சு உண்டு. மாணவத் தோழர்கள் கேட்டிருப்பீர்கள். இதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

தூரத்திலிருந்து பார்த்தால் சாதி தெரியாது. சத்தியமான வார்த்தை. எரிகிற குடிசையும் தெரியாது. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த மூன்று பேர், நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழும்பி வருவதைப் படம் எடுத்தார்கள். உலகமே கொண்டாடிய படம். மறுநாள் 25 இரவு, அவர்கள் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம், கீழத் தஞ்சையில் வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் சனங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் கொளுத்தப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கலத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வெண்மணி தெரிந்திருக்காது. அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் பக்கத்து ஊரில் நின்றுகொண்டே, தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி பாவனை செய்கிறானே, அவன் குற்றம் என்ன? பூமியைப் புள்ளியாக்கினால் சேரியும் ஊரும் ஒரே புள்ளியாகிவிடும் என்பது ஊர்க்காரனுக்கு ரொம்ப வசதியான அறிவியல்.

சேகன் பெயரை எடுத்தார்கள் அல்லவா? அந்தச் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவன் நம் பிள்ளைகளில் இருந்தான். ரோகித் வெமுலா. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு வெட்டவெளியில் படுத்தவன். அவனுக்கும் நட்சத்திரங்கள்மேல் ஆசை இருந்தது. கடைசிக் கடிதத்தில் அதை எழுதி வைத்துவிட்டு 2016 ஜனவரி 17 அன்று செத்துப்போனான். அந்தப் பெரியவர் பேசியது அதே ஜனவரியில், ஒன்பது ஆண்டுகள் கழித்து. சேகன் நினைவுக்கு வந்தார், ரோகித் வரவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் வரவில்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

இன்னும் பின்னால் போவோம். நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதன் வெப்பத்தைக் கணக்கிடுவதற்கு 1920இல் ஒரு சமன்பாடு கொடுத்தவர் மேக்நாத் சாகா. உலகம் முழுக்க வானியல் மாணவர்கள் சாகா சமன்பாடு என்று படிக்கிறார்கள். கல்கத்தாவில் அவர் மாணவராக இருந்தபோது விடுதியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட விடவில்லை, கீழ்சாதி என்று. நட்சத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறவனுக்குப் பந்தியில் இடமில்லை! அறிவியலுக்குச் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தச் சாப்பாட்டு அறையையும் கொஞ்சம் டெலஸ்கோப் வைத்துப் பார்க்கட்டும்.

நம் முற்போக்குத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. கிரகணத்தின்போது பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டி மூடநம்பிக்கையை உடைத்தீர்கள். நல்லது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வழியாகப் போனபோதும் கண்ணாடி கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சூரியனைக் காட்டினார்கள். அதுவும் நல்லது. ஆனால் அந்தச் சோற்றை எங்கள் தெருவில், எங்கள் வீட்டு உலையில் வெந்ததை வாங்கி, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தின்று காட்டியிருந்தால்? ராகுவும் விலகியிருக்கும், இன்னொரு கிரகணமும் விலகியிருக்கும். ராகுவை எதிர்ப்பது சுலபம். அவன் பக்கத்துத் தெருவில் குடியிருக்கவில்லை.

இருட்டைப் பற்றியும் பேசவேண்டும். லேடீஸ் சீட்டில் ராத்திரி நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்கு. நட்சத்திரமெல்லாம் தரையில் கொட்டின மாதிரி இருக்கிறது என்று சுற்றுலா வந்தவர்கள் சொல்வார்கள். அவ்வளவு விளக்கு எரிகிற ஊரில் மேலே நட்சத்திரம் தெரியாது. அதனால்தான் வானம் பார்க்க மலைக்கு வருகிறார்கள். வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் நகர வெளிச்சம் எட்டாத இருட்டு ஒரு காரணம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொல்லிமலையில் இருள்வான் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது. ஜவ்வாது, கொல்லி, சேர்வராயன் மூன்றுமே மலையாளிப் பழங்குடிகளின் மலைகள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே எஸ்டேட் வந்தது. எஸ்டேட்டுக்குக் கூலியாகச் சமவெளிச் சேரியிலிருந்து எங்கள் பாட்டன்கள் வந்தார்கள்.

இருட்டைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆந்தைக்கும் பூச்சிக்கும்கூட இருட்டு வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் லைனில் வானம் ரொம்ப நன்றாகத் தெரியும். ஏன் தெரியுமா? தெருவிளக்கு கிடையாது. இரண்டு கம்பம் இருக்கிறது, பல்பு எரிவதில்லை. ராத்திரி ஒதுங்கப் போகிற பெண்கள் கையில் செல்போன் வெளிச்சம். நீங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு தேடி வருகிற அதே இருட்டு எங்களுக்குப் பஞ்சாயத்து இலவசமாகக் கொடுத்தது. உங்களுக்கு அது அனுபவம். எங்களுக்கு அது பாம்புக்கடி.

இப்போது அருந்ததிக்கு வருகிறேன்.

அன்று கூட்டத்தில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருந்தது. அந்தப் பெண் ஆசையாகக் கேட்டது: "சார், அருந்ததி எங்க இருக்கு?" அவர் சொன்னார்: "சப்தரிஷி மண்டலம் இன்னும் உதிக்கலைம்மா, பத்து மணிக்கு மேலதான் வரும்." சரியான பதில். ஜனவரியில் அப்படித்தான். ஆனால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் புரோகிதர் காட்டியிருப்பாரே, அது என்ன? தை மாசம் காலை ஏழரை - ஒன்பது முகூர்த்தம். வெட்டவெளிச்சத்தில் வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டி, "அருந்ததி தெரியுதா?" என்பார். பெண் தலையை ஆட்டும். மாப்பிள்ளை தலையை ஆட்டுவான். சொந்தபந்தம் முழுக்க ஆட்டும். இல்லாததைப் பார்த்ததாகச் சொல்லச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். பெண்ணுக்குக் கற்பு என்கிற விலங்கையும் அந்த நட்சத்திரத்திலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த நாட்டில் கண் எப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். பகலில் தெரியாத அருந்ததியைப் பார்த்துவிடுகிறது. பகலெல்லாம் எதிரிலேயே துடைப்பத்தோடு நிற்கிற அருந்ததியரைப் பார்க்க மறுக்கிறது. ஆமாம், நாங்கள் அருந்ததியர். வசிட்டன் பெண்டாட்டி அருந்ததி எங்கள் குலத்துப் பெண் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கதை நிஜமா பொய்யா என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை, எனக்குப் புராணப் பெருமையும் வேண்டாம். அந்தப் பெயர் மேலே இருந்தால் கும்பிடு, கீழே இருந்தால் துணியால் துடைப்பு, அதைத்தான் கேட்கிறேன்.

அந்த நட்சத்திரத்தை நிஜமாகவே பார்த்தவர்கள் யார் தெரியுமா? ஜனவரியில் விடிகாலை ஐந்து மணிக்கு அது வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். அது பழம் பறிக்கிற பருவம். என் அம்மா அந்நேரம் எழுந்து, கஞ்சி காய்ச்சி, பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் போக இருட்டில் நடப்பாள். கடிகாரம் கிடையாது. ஏழு மீனையும் விடிவெள்ளியையும் வைத்து நேரம் சொல்வாள். அவளை யாரும் வானியல் ஆர்வலர் என்று சொல்லவில்லை. வேலைக்காரி என்றார்கள். வானம் எங்களுக்குப் புதுசு இல்லை. டெலஸ்கோப்தான் புதுசு.

பொது என்று எழுதிவைத்தது எதுவும் தானாகப் பொது ஆனதில்லை. 1924இல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் எவருக்கும் தடை கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. சாலை திறந்ததா? மகாத் நகரசபை சவுதார் குளத்தை எல்லோருக்கும் என்று காகிதத்தில் திறந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்த பிறகுதான் அது குளம் என்று எங்களுக்குத் தெரிந்தது. பூங்காவும் அப்படித்தான். வானமும் அப்படித்தான். நிற்கிற நிலம் பொதுவாகாதவரை பார்க்கிற வானம் பொதுவாகாது.

அருந்ததி ஏறக்குறைய 80 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று நம் கண்ணில் விழுகிற அதன் ஒளி கிளம்பியபோது இந்த நாட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி, அரசியல் சட்டம் எழுதப்படவே இல்லை. அந்த ஒளி அவ்வளவு தூரத்தையும் கடந்து ஏற்காட்டுக்கு வந்துவிட்டது. 1950 ஜனவரி 26 அன்று டில்லியிலிருந்து கிளம்பிய 17ஆவது பிரிவு, தீண்டாமை ஒழிந்தது என்கிற அந்த ஒரு வரி, இன்னும் ஏரிக்கரைப் பூங்காவுக்கு வந்து சேரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? அவர்கள் வரிசையில் முன்னால் இடம் கொடு என்று மனு எழுதப் போவதில்லை. தோழர்களே, ஏப்ரல் 14 வருகிறது. மாலை போட்டு, மைக் வைத்து, பிரியாணி போட்டுக் கலைந்துவிடுகிறோம். இந்தத் தடவை கொஞ்சம் இருங்கள். ஏப்ரல் நடுவில் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறியிருக்கும். வால் பக்கத்தில் கடைசிக்கு முந்தின நட்சத்திரம் வசிட்டன். அதை ஒட்டி மங்கலாக ஒன்று, அருந்ததி. கண் நல்ல கண்ணாக இருந்தால் டெலஸ்கோப்கூட வேண்டாம், ஒரு சாதாரண பைனாகுலர் போதும். வியாழன் வானத்தில் இருக்கிற மாதத்தில், கை ஆடாமல் பிடித்தால், அதன் நிலாக்களும் அதிலேயே தெரியும். எங்கள் வங்கிச் சங்கத்திலேயே பத்து பேர் காசு போட்டால் ஒரு டெலஸ்கோப் வாங்கிவிடலாம். நான் முதல் பங்கு போடுகிறேன். அது வீட்டுப் பரணில் தூங்கக்கூடாது, லைன் லைனாக, காலனி காலனியாகப் போகவேண்டும். திருப்பிவைக்கவும் குறிபார்க்கவும் நம் பிள்ளைகள் கையே பழகட்டும். மாணவத் தோழர்கள் இயற்பியல் படித்தவர்கள் வாருங்கள். வரும்போது எரியாத அந்த இரண்டு கம்பத்துக்கும் பல்பு கேட்டு ஒரு மனுவோடு வாருங்கள். பல்பு வந்தால் வானம் கொஞ்சம் மங்கும். மங்கட்டும், பார்க்கிற நேரத்தில் நாமே அணைத்துக்கொள்ளலாம். அணைக்கிற உரிமையாவது நம்மிடம் இருக்கட்டும்.

என் அக்கா மகளுக்கு நான் பாக்கி வைத்திருக்கிற பதில் ஒன்று இருக்கிறது. உன் கண்ணில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, தாயி. துடைத்தவர் கண்ணில்தான் ஒட்டியிருந்தது. ஏப்ரல் 14 அன்று முதலில் கண் வைக்கப் போகிறவள் நீதான். அடுத்து உன் அம்மா. ஊர்க்காரர்களும் வரட்டும், அந்தப் பெரியவரும் வரட்டும், எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். பனி படிந்தால் கண்ணாடியைத் துடைப்போம். ஆள் பார்த்துத் துடைக்கமாட்டோம்.